மோட்டார் சுற்றத் தொடங்கியதும் ரோபோ கார் நின்றுவிடுவது ஏன்?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், எதிரில் தடை வந்தால் திரும்பிப் போகும் ரோபோ கார் செய்திருக்கிறான். காரைக் கட்டுப்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ போர்டு, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் நிற கியர் மோட்டார் இரண்டு, எதிரொலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், அதைத் திருப்ப ஒரு சின்ன சர்வோ மோட்டார். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே 9 வோல்ட் பேட்டரி. யூஎஸ்பி வயர் மாட்டியிருந்தால் ஓடுகிறது. கழற்றித் தரையில் விட்டால் ஒரு துடிப்பு துடித்து நிற்கிறது, திரும்பவும் துடிக்கிறது. போர்டை மாற்றிப் பார்த்தோம், பலனில்லை. புரோகிராமில் தவறா? – ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இன்னொரு போர்டு வாங்கிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அந்த 9 வோல்ட் பேட்டரியைத்தான் காட்டுகின்றன. புரோகிராமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சதுர பேட்டரி மல்டிமீட்டர், புகை அலாரம் போன்று சில மில்லி ஆம்பியரில் ஓடும் கருவிகளுக்கானது. ஒரு மஞ்சள் மோட்டார் சும்மா சுற்றும்போது 150 முதல் 200 மில்லி ஆம்பியர் எடுக்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்தக் கணத்தில் ஒரு ஆம்பியரை நெருங்கும். இரண்டு மோட்டாரும் ஒன்றாகக் கிளம்புகின்றன, கூடவே சர்வோவும் திரும்புகிறது. பேட்டரியின் உள் மின்தடையை 10 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், அரை ஆம்பியர் இழுத்தாலே 5 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே கரைந்துவிடும். வெளியே வருவது 4 வோல்ட். ஊனோவில் வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டரில் இன்னும் ஒரு வோல்ட்டுக்கு மேல் போகும். ஊனோவின் சிப்புக்கு 2.7 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் தானாக ரீசெட் ஆகும் காவல் உண்டு. ரீசெட் ஆனதும் மோட்டார் நிற்கும், சுமை விலகியதால் பேட்டரி தேறும், புரோகிராம் முதலிலிருந்து தொடங்கும், மோட்டார் மறுபடி இழுக்கும். நீங்கள் பார்க்கும் துடிப்பு இதுதான். யூஎஸ்பி மாட்டியிருக்கும்போது சிப்புக்குக் கம்ப்யூட்டரிலிருந்து 5 வோல்ட் கிடைப்பதால் இது வெளியே தெரிவதில்லை.

காசு செலவழிக்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். புரோகிராமில் தொடக்கத்தில் ஒரே முறை ஓடும் செட்அப் பகுதியில், போர்டின் 13ஆம் பின்னில் (இணைப்பு முனையில்) உள்ள எல்இடி விளக்கு அரை நொடிக்கு ஒன்றாக மூன்று முறை மெதுவாக மின்னும்படி எழுதச் சொல்லுங்கள். யூஎஸ்பி இல்லாமல் ஓடவிடுங்கள். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அந்த மூன்று மின்னல் வந்தால், போர்டு ரீசெட் ஆகிறது என்று பொருள். மின்னல் திரும்ப வராமல் மோட்டார் மட்டும் நின்றால் வயரிங்கைப் பாருங்கள். பேட்டரியைத் தனியாக மல்டிமீட்டரில் அளந்து 'எட்டரை வோல்ட் காட்டுகிறதே' என்று நம்ப வேண்டாம். சுமை இல்லாமல் எடுத்த அளவு எதையும் சொல்லாது.

மாற்றாக, சார்ஜ் செய்யக்கூடிய ஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஆறும், ஆறு செல் ஹோல்டர் ஒன்றும் வாங்குங்கள். மொத்தம் 7.2 வோல்ட். எல்298என் பழைய வகை சிப். ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். மீதி ஐந்து வோல்ட் சொச்சம் மோட்டாருக்குப் போகும். 3 முதல் 6 வோல்ட்டில் ஓடும் அந்த மோட்டாருக்கு அது சரியான அளவு. நான்கு செல் ஹோல்டர் வாங்கி ஏமாந்துவிடாதீர்கள். 4.8 வோல்ட்டில் டிரைவர் எடுத்தது போக மூன்று வோல்ட்கூட மிஞ்சாது, கார் ஊர்ந்துதான் போகும். டிரைவரையே புதிதாக வாங்குவதானால் டிபி6612 நல்லது, அதில் இழப்பு மிகக் குறைவு.

18650 லித்தியம் செல் இரண்டு போடலாம் என்று பலரும் சொல்வார்கள். ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் செல்லில் வயர்கள் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். முதல் ரோபோ செய்யும் பிள்ளையின் கையில் அதைக் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. அட்டையில் 9800 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, செல்லின் கொள்ளளவு) என்று போட்ட 18650 செல் கிடைக்கும், அது பொய். அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனியுடையதே பெரும்பாலும் 3500 எம்ஏஎச் அளவோடு நின்றுவிடும்.

இனி வயரிங். பேட்டரியின் பாசிட்டிவ் ஒரு ஸ்விட்ச் வழியாக வந்து இரண்டாகப் பிரியட்டும். ஒன்று எல்298என்னில் 12 வோல்ட் என்று எழுதிய டெர்மினலுக்கு, மற்றது வோல்ட்டைக் குறைத்துத் தரும் எல்எம்2596 பக் கன்வர்ட்டரின் இன்புட்டுக்கு. கன்வர்ட்டரில் வேறு எதையும் இணைக்கும் முன், அவுட்புட்டில் மல்டிமீட்டரை வைத்து, பித்தளைத் திருகை மெல்லத் திருப்பி 5.0 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். பல சுற்று சுற்ற வேண்டியிருக்கும். இதைச் செய்யாமல் இணைத்தால் 7 வோல்ட் நேராகப் போய் போர்டைச் சுட்டுவிடும். அந்த 5 வோல்ட்டை ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னுக்கும் சர்வோவின் சிவப்பு வயருக்கும் தனித்தனியே கொண்டுபோங்கள். எல்298என்னில் உள்ள 5 வோல்ட் ஜம்பரை (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடியை) கழற்றிவிட்டு, அதன் 5 வோல்ட் டெர்மினலுக்கும் இதிலிருந்தே கொடுங்கள். ஜம்பரைக் கழற்றாமல் கொடுத்தால் இரண்டு ரெகுலேட்டர்கள் ஒன்றோடொன்று மோதும். பேட்டரி, டிரைவர், கன்வர்ட்டர், ஆர்டுயினோ, சர்வோ, சென்சார் எல்லாவற்றின் கிரவுண்டும் (நெகட்டிவ் முனையும்) ஒன்றாகச் சேர்ந்தே இருக்க வேண்டும். யூஎஸ்பி மாட்டும் ஒவ்வொரு முறையும் ஸ்விட்சை அணைத்து, ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னில் உள்ள வயரை உருவிவிடுங்கள்.

டிரைவரின் பவர் டெர்மினலை ஒட்டி 1000 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று. வெள்ளைக் கோடு போட்ட கால் நெகட்டிவ். ஒவ்வொரு மோட்டாரிலும் வயர் பற்றவைக்கும் இரண்டு தகட்டுக்கும் குறுக்கே 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று. மோட்டாருக்குள் இருக்கும் பிரஷ் தெறிக்கும் பொறி, நல்ல பேட்டரி இருந்தாலும் போர்டைக் குழப்பும். அதை இது அடக்கும். அந்தத் தகடுகள் காகிதம் மாதிரி மெல்லியவை. சால்டரிங் அயர்னை மூன்று நொடிக்கு மேல் வைத்தால் பின்னால் உள்ள பிளாஸ்டிக் இளகித் தகடு ஆடத் தொடங்கும். பற்றவைத்த கையோடு, வயரை மோட்டார் உடம்போடு ஒரு கேபிள் டையால் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் இழுபடும்போது தகடோடு பிய்ந்துவரும்.

முன்னே ஓடும் மோட்டாரை நிறுத்தாமல் சட்டென்று பின்னே திருப்பினால், கிளம்பும்போது எடுப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கரண்ட் பாயும். திசை மாற்றும் முன் 100 மில்லி செகண்ட் நிறுத்தச் சொல்லுங்கள்.

பவர் சரியானதும், இதுவரை ஒளிந்திருந்த இரண்டு குறைகள் தலைகாட்டலாம். ஊனோவில் சர்வோவை இயக்க ஆயத்தமாகக் கிடைக்கும் சர்வோ லைப்ரரியைப் புரோகிராமில் சேர்த்தால் 9, 10 பின்களில் வேகக் கட்டுப்பாடு வேலை செய்யாது. மோட்டார் வேகத்துக்கான இரண்டு வயரையும் 5, 6 பின்களுக்கு மாற்றி, டிரைவரில் அந்த இடத்தில் உள்ள ஜம்பர்களையும் கழற்றுங்கள். அடுத்தது சென்சார். எதிரொலியை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை, நேர வரம்பு எதுவும் கொடுக்காவிட்டால் ஒரு நொடி வரை காத்திருக்கும், அதற்குள் கார் சுவரில் முட்டிவிடும். அந்த வரம்பை மூன்றாவது எண்ணாக 20000 (மைக்ரோ செகண்ட்) என்று கொடுத்தால் ஏறக்குறைய 3.4 மீட்டரோடு அளவை முடித்துக்கொள்ளும். எதிரொலி வராதபோது அது தருவது பூஜ்யம். '20 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் திரும்பு' என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தப் பூஜ்யத்தையும் தடை என்று எண்ணி, வெட்டவெளியில் கார் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே 'பூஜ்யத்துக்கு மேலும் 20க்குக் கீழும் இருந்தால்' என்று அந்த வரியைத் திருத்தச் சொல்லுங்கள்.