பீத்தோவனின் நான்காவது கன்செர்ட்டோ: எந்தப் பதிவு? – கடிதம்

வணக்கம்.

பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் பீத்தோவனின் நான்காவது பியானோ கன்செர்ட்டோ பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு யூடியூபில் தேடினேன். முதலில் வந்தது கிறிஸ்டியன் ஸிமர்மன் வாசித்து லெனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்தியது. பிடித்துப்போய் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேற்கத்திய இசை கேட்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “ஷ்னாபெல் கேட்காமல் இதைப் பற்றிப் பேசாதே” என்றார். அந்தப் பழைய காலத்துப் பியானோ கலைஞரின் பதிவைத் தேடிப் போட்டால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது.

எனக்கு மூன்று சந்தேகங்கள். நம் சங்கீதத்தில் ஒரே கீர்த்தனையை இரண்டு பேர் பாடினால் இரண்டு விதமாக இருப்பது புரிகிறது. சங்கதி மாறும், நிரவல் மாறும், ஸ்வரம் மாறும். இங்கே எல்லாவற்றையும் எழுதி அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து வாசிப்பதில் உசத்தி, மட்டம் எங்கிருந்து வருகிறது? இரண்டாவது, இருக்கிற நூற்றுக்கணக்கான பதிவுகளில் எதைக் கேட்பது? மூன்றாவதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்கிறேன். பெயரை மறைத்துவிட்டுப் போட்டுக் காட்டினால் இந்த ரசிகர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியுமா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதற்கு ஏற்கெனவே ஒரு பரீட்சை நடந்துவிட்டது. யாரும் திட்டமிடாத பரீட்சை.

ஜாய்ஸ் ஹாட்டோ என்று ஒரு பிரிட்டிஷ் பியானோ கலைஞர். 1970களுக்குப் பிறகு மேடை ஏறவில்லை. ஆனால் கடைசி ஆண்டுகளில் அவர் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட சிடிக்கள் வெளிவந்தன. வெளியிட்டது அவருடைய கணவர் நடத்திய சின்ன நிறுவனம். பாக், மோட்ஸார்ட், லிஸ்ட், ரக்மானினோவ், எந்த இசையமைப்பாளரையும் விடவில்லை. புற்றுநோயோடு போராடிக்கொண்டே இவ்வளவும் வாசித்திருக்கிறார் என்று விமர்சகர்கள் உருகினார்கள். 2006இல் ஹாட்டோ இறந்தார். 2007 பிப்ரவரியில் யாரோ ஒருவர் அவருடைய லிஸ்ட் எட்யூட் (பயிற்சிக்கான சிறு படைப்பு) சிடியைக் கணினியில் போட, திரையில் வேறு பெயர் வந்தது: லாஸ்லோ ஸிமோன். ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது குட்டு வெளிப்பட்டது. எல்லாம் அடுத்தவர்கள் வாசித்தது. கணவர் முதலில் மறுத்தார், அப்புறம் ஒப்புக்கொண்டார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ரக்மானினோவின் மூன்றாவது கன்செர்ட்டோ. ஹாட்டோ பெயரில் வந்தது உண்மையில் யெஃபிம் ப்ரோன்ஃப்மன் வாசித்தது. ப்ரோன்ஃப்மன் பெயரில் அது வந்தபோது ‘பரவாயில்லை’ ரகத்தில் எழுதிய ஒரு விமர்சகர், ஹாட்டோ பெயரில் வந்ததும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். ஆக, உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். பெயரும் கதையும் காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் அந்த மோசடி எப்படிப் பிடிபட்டது என்று பாருங்கள். கணினி இசையைக் கேட்டு ரசித்துவிட்டுச் சொல்லவில்லை. சிடியில் உள்ள ஒவ்வொரு துண்டும் எத்தனை நிமிடம், எத்தனை நொடி ஓடுகிறது என்ற வரிசையைத் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டது. அந்த வரிசை உலகத்தில் இன்னொருவருக்குப் பொருந்தாது. அச்சடித்த அதே நோட்டுகளை வாசிக்கும் இருவர் ஒரு முழு சிடி நீளத்துக்கு நொடி பிசகாமல் ஒரே மாதிரி வாசிப்பது நடக்கவே நடக்காது. உங்கள் முதல் கேள்விக்கு பதில் இதற்குள் இருக்கிறது. ஒரே ஆள்கூட அப்படி வாசிப்பதில்லை. பியானோ கலைஞர் க்ளென் கூல்ட், பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் என்ற படைப்பை 1955இலும் 1981இலும் நியூயார்க்கின் அதே ஸ்டுடியோவில் பதிவு செய்தார். ஆரம்பத்தில் வரும் ஆரியா முதல் பதிவில் 2 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. இரண்டாவதில் 3 நிமிடத்தைத் தாண்டுகிறது. ஒப்பிட்டுக் கேட்கப் பழக எல்லோரும் முதலில் காட்டும் உதாரணம் இதுதான். எனக்கு இது கொஞ்சம் அலுத்துவிட்டது, வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. நுட்பமான இடங்களில்தான் சுவாரசியம். அதனால் உங்கள் நான்காவது கன்செர்ட்டோவுக்கே வருகிறேன்.

முதல் ஐந்து பார்களை, அதாவது தாள அளவுத் துண்டுகளை, எடுத்துக்கொள்ளுங்கள். 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில், குளிரில் விறைத்துப்போன அரங்கில் பீத்தோவனே இதை மேடையில் வாசித்தார். ஐந்தாவது, ஆறாவது சிம்ஃபனிகளும் அதே இரவில்தான் முதல்முறை ஒலித்தன. அந்தக் காலத்தில் கன்செர்ட்டோ என்றால் ஆர்கெஸ்ட்ரா ஆரம்பித்து முழக்கி ஓயும், அதற்கப்புறம்தான் பியானோ. இதில் பியானோ தனியாக, மெல்ல, ஜி மேஜரில், அதாவது ஜி-யை ஆதார ஸ்வரமாகக் கொண்டு, பேச ஆரம்பிக்கிறது. ஐந்தாவது பாரில் ஒரு கேள்வி போல நின்றுவிடுகிறது. அப்போது தந்தி வாத்தியங்கள் அதைவிட மெல்லிய குரலில், கொஞ்சமும் எதிர்பாராத பி மேஜரில் பதில் சொல்கின்றன.

இங்கே பீத்தோவன் எழுதியிருப்பது என்ன? நோட்டுகள், மெல்ல, இனிமையாக. அவ்வளவுதான். முதல் ஸ்வரக்கூட்டில் எந்த விரல் தூக்கலாக ஒலிக்க வேண்டும் என்று எழுதவில்லை. அதை மொத்தமாக வைப்பதா, கீழிருந்து மேலாக லேசாக விரிப்பதா? இரண்டையும் செய்கிறவர்கள் உண்டு. அடுத்து வரும் ஒரே ஸ்வரத்தின் தட்டல்கள், ஐந்தாவது சிம்ஃபனியின் அந்த ‘தததம்’ தாளத்தின் சாது வடிவம், ஒரே அளவில் இருக்க வேண்டுமா, எங்காவது சாய வேண்டுமா? பியானோ நின்றதும் ஆர்கெஸ்ட்ரா கணக்குப்படி உடனே நுழையலாம், ஒரு மூச்சு கார்வை கொடுத்தும் நுழையலாம். அந்த மூச்சை எந்த அச்சிலும் கொண்டுவர முடியாது. மனோதர்மம் என்று நாம் சொல்வது இவர்களிடம் இந்த அளவில்தான் இருக்கிறது, ஆனால் இருக்கிறது. ஸிமர்மன் இந்த ஐந்து பாரையும் ஒவ்வொரு நோட்டாகத் துடைத்து வைக்கிறார். 1957இல் பில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவோடு, லேயோபோல்ட் லுட்விக் நடத்த, எமில் கிலெல்ஸ் வாசித்ததைக் கேளுங்கள். எதையும் துடைப்பதாகத் தெரியாது. பேச்சின் நடுவிலிருந்து ஆரம்பித்தவர் போல இருக்கும்.

இரண்டாம் பகுதி இன்னும் நல்ல இடம். மொத்தம் 72 பார்கள், ஐந்து நிமிடம் சொச்சம். தந்தி வாத்தியங்கள் மட்டும், எல்லாம் ஒரே வரியை, கடுமையாக, வெட்டி வெட்டிப் பேசுகின்றன. பியானோ கெஞ்சாமல், குரல் உயர்த்தாமல் பதில் சொல்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தந்திகள் தணிகின்றன. கிரேக்கப் புராணத்து ஆர்ஃபியஸ் பாதாள உலகத்து உக்கிர தேவதைகளை இசையால் அடக்குகிற காட்சி என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். பீத்தோவன் அப்படி எதையும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்த விளக்கத்தை நம்புகிற ஆர்கெஸ்ட்ரா கண்டக்டரையும் நம்பாதவரையும் முதல் வரியிலேயே பிரித்துவிடலாம். பெர்ன்ஸ்டைன் முழுக்க நம்புகிறவர். வியன்னா பில்ஹார்மோனிக்கின் தந்திகள் அவர் கையில் கனத்து, இருண்டு, நாடகமாக வருகின்றன. ஜார்ஜ் ஸெல் நடத்திய க்ளீவ்லண்ட் ஆர்கெஸ்ட்ராவில் (1959, பியானோ லியோன் ஃப்ளைஷர்) அதே வரி குறுகலாக, ஒரே ஆள் வாசிப்பதுபோல, சுள்ளென்று விழுகிறது. அதற்கு எதிரே ஃப்ளைஷர் உருகுவதில்லை, நிமிர்ந்து நிற்கிறார். என் ஓட்டு இந்தப் பகுதிக்கு மட்டும் ஸெல்லுக்குத்தான். எதிராளிக்கு எலும்பு இருந்தால்தான் பியானோவின் பொறுமைக்கு அர்த்தம் வருகிறது.

இந்தப் பகுதி முழுக்க இடது பெடலை மிதித்தே வாசிக்க வேண்டும் என்பது பீத்தோவனின் உத்தரவு. அவர் காலத்துப் பியானோவில் ஒரு நோட்டுக்கு மூன்று தந்திகள் இருக்கும். அந்தப் பெடலை முழுக்க மிதித்தால் சுத்தியல் நகர்ந்து ஒரே ஒரு தந்தியை மட்டும் தொடும். பகுதியின் கடைசியில் வரும் நீண்ட நடுக்கத்தில் ஒன்றிலிருந்து இரண்டு, மூன்று தந்திகளுக்கு ஏறி, மறுபடி ஒன்றுக்கு இறங்கச் சொல்கிறார். இன்றைய பெரிய பியானோக்களில் இது முடியாது. பெடலை மிதித்தாலும் இரண்டு தந்திகளாவது ஒலிக்கும். ஆகவே ஸிமர்மனோ கிலெல்ஸோ நினைத்தாலும் பீத்தோவன் எழுதியதை அப்படியே செய்ய வழியில்லை, அந்த நிறத்தை விரலால் போலி செய்ய வேண்டியதுதான். பழைய வகைப் பியானோவில் ராபர்ட் லெவின், ஆர்கெஸ்ட்ராவை நடத்திய ஜான் எலியட் கார்டினரோடு சேர்ந்து செய்த பதிவு இருக்கிறது. அந்த இடத்துக்காகவாவது ஒருமுறை கேளுங்கள். மற்றபடி அந்தப் பியானோவின் குரலோடு எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

ஷ்னாபெல் விஷயத்தில் உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. 1933இல் மால்கம் சார்ஜென்ட் நடத்த லண்டன் பில்ஹார்மோனிக்கோடு செய்த பதிவைத்தான் அவர் சொல்லியிருப்பார். அது நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் (78 ஆர்பிஎம்) இசைத்தட்டுக் காலம். ஒரு பக்கத்தில் நாலரை நிமிடம் போல்தான் கொள்ளும், நிறுத்தி அடுத்த பக்கம். ஒட்டி வெட்டித் திருத்துகிற வசதி அன்று இல்லை. விரல் தவறினால் தவறியபடியே இருக்கும். ஷ்னாபெலுக்கு அங்கங்கே தவறுகிறது, அவர் அதைப் பொருட்படுத்துவதாகவும் தெரியவில்லை. வாக்கியம் எங்கே போய் முடிகிறது என்பது அவர் மனதில் முதல் நோட்டிலேயே இருக்கிறது. இரைச்சலைப் பற்றிக் கவலை வேண்டாம், கொஞ்ச நேரத்தில் காது அதை ஒதுக்கிவிடும். ஆனால் அதை முதல் பதிவாகக் கேட்கச் சொல்வது அநியாயம். ஆர்கெஸ்ட்ராவின் பாதி அதில் புகைபோலத்தான் கேட்கிறது, இந்தப் படைப்பில் ஆர்கெஸ்ட்ரா பாதிக் கதை. ஒரு தகவல்: ஃப்ளைஷர் சிறுவனாக இருந்தபோதே ஷ்னாபெலிடம் பாடம் படித்தவர். ஷ்னாபெலின் அந்த முன்னோக்கிய நடையைத் தெளிவான ஒலியில் கேட்க வேண்டுமானால் சீடனிடம் கேட்கலாம்.

“எழுதியவரே வாசித்த பதிவு இருந்தால் பிரச்சினை தீர்ந்ததே” என்று தோன்றும். தீராது. ரக்மானினோவ் தன் மூன்றாவது கன்செர்ட்டோவை 1939-40இல் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவோடு தானே வாசித்துப் பதிவு செய்தார், யூஜின் ஆர்மண்டி நடத்தினார். அதில் தன் படைப்பைத் தானே சில இடங்களில் வெட்டியிருக்கிறார். முதல் பகுதியில் வரும் தனி ஆவர்த்தனத்துக்கு, அதாவது கடென்ஸாவுக்கு, இரண்டு வடிவம் எழுதிவிட்டு எளிய ஓட்டமானதைத்தான் வாசித்தார். 1958இல் மாஸ்கோவில் சைக்காவ்ஸ்கி போட்டியில் ஜெயித்து வந்த வான் க்ளைபர்ன், கார்னகி ஹாலில் கனமான மற்றதை வாசித்தார். 1982இல் பெர்லின் மேடையில் மார்த்தா ஆர்கெரிச் மறுபடி எளியதை எடுத்து, அது எளியதே இல்லை என்று காட்டினார். மூவரில் யாரை விடுவது? நான் ஆர்கெரிச்சைக் கேட்டுவிட்டு, கொஞ்ச நாள் கழித்து ரக்மானினோவைக் கேட்பேன். அவர் எவ்வளவு அலட்டிக்கொள்ளாமல் வாசிக்கிறார் என்பது அப்போதுதான் உறைக்கும்.

சரி, இரண்டாவது கேள்வி. உங்கள் ஸிமர்மனை விட வேண்டாம், நல்ல பதிவுதான். அழகு கொஞ்சம் முன்னால் வந்து நிற்கிறது என்பது மட்டுமே என் குறை. அதற்குப் பக்கத்தில் கிலெல்ஸ்-லுட்விக்கை வையுங்கள். ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் அதைத்தான் வைத்துக்கொள்வேன். ஒப்பிடும்போது முழுதாகக் கேட்டு ஒப்பிடாதீர்கள், அரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படைப்பில் மனசு எங்கெங்கோ போய்விடும். இரண்டாம் பகுதியை மட்டும், ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். ஒலியளவைச் சமமாக வைத்துக்கொள்வது முக்கியம். கொஞ்சம் உரக்க ஒலிப்பதைக் காது ‘நல்ல பதிவு’ என்று எடுத்துக்கொண்டுவிடும், அதில் எல்லோரும் ஏமாறுகிறோம். முடிந்தால் வீட்டில் யாரையாவது பெயர் சொல்லாமல் போடச் சொல்லுங்கள். ஹாட்டோ வியாதிக்கு மருந்து அதுதான்.

மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் வில்ஹெல்ம் கெம்ப். லேசான கை, குறும்பு அதிகம். பீத்தோவன் எழுதி வைத்த கடென்ஸாவை விட்டுவிட்டுத் தான் எழுதியதை வாசிக்கிறார். அதைக் கேட்டுவிட்டு ‘எல்லாம் அச்சடித்து வைத்தது’ என்ற உங்கள் வாதத்தை அவரிடமே சொல்லுங்கள். தேடும்போது ஒரு கவனம். இந்த இசைச் செயலிகளில் ஒரே பதிவு பத்து அட்டைகளில் வரும், பத்துப் பதிவு ஒரே பெயரில் வரும். பியானோ வாசித்தவர் பெயர் மட்டும் போதாது, நடத்தியவர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். கெம்ப் இதைப் பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு இரண்டுமுறை பதிவு செய்திருக்கிறார். 1950களில் பால் வான் கெம்பன் நடத்தியது மோனோ. நான் சொல்வது ஃபெர்டினாண்ட் லைட்னர் நடத்திய 1961 ஸ்டீரியோ பதிவு.

அன்புடன்.