எம்டன் கப்பல் போன வழியை வரைபடத்தில் காட்டுவது எப்படி?

கோத்தகிரியில் இருக்கிறோம், பையன் இன்னும் கடலைப் பார்த்ததில்லை, முதல் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனின் கதையை எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூகுள் எர்த்தில் அவனையே புள்ளி வைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றிலும் தேதியோடு. யாரோ போட்டுவைத்த வரைபடத்தை விட இதுதான் மனதில் நிற்கும்.

முதல் புள்ளி சென்னை, 1914 செப்டம்பர் 22 இரவு. எம்டன் குண்டு வீசியதில் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அங்கே நன்றாகப் பெரிதாக்குங்கள்: உயர் நீதிமன்றச் சுவரில் குண்டு விழுந்த இடத்தில் இன்றும் கல்வெட்டு இருக்கிறது. கெட்டிக்காரனை 'எம்டன்' என்று நம் ஊரில் சொல்வதும் அந்த இரவுக்குப் பிறகுதான்.

அப்புறம் இந்தியப் பெருங்கடல் நடுவே உள்ள டியேகோ கார்சியா தீவு. இங்கே வரைபடத்தைச் சுருக்குங்கள். சுற்றிலும் வெறும் நீலம். அக்டோபரில் எம்டன் போனபோது போர் தொடங்கிய செய்தியே அந்தத் தீவுக்கு எட்டியிருக்கவில்லை. ஏன் என்று படமே சொல்லிவிடும்.

அக்டோபர் 28 மலேசியாவின் பினாங்கு துறைமுகம். பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்ற, தன் மூன்று புகைபோக்கிகளோடு பொய்யாக நான்காவது ஒன்றைக் கட்டிக்கொண்டு எம்டன் உள்ளே நுழைந்தது. நவம்பர் 9 கோகோஸ் தீவுகள். தந்தி நிலையத்தார் உதவி கேட்டு அனுப்பிய செய்தியால் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் வந்து எம்டனை முடித்தது.

கடைசியாக, அளவுகோல் கருவியால் சென்னையிலிருந்து கோகோஸ் வரை கோடு இழுக்கச் சொல்லுங்கள். 3,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். மேட்டுப்பாளையம் இறங்கும் சாலை 33 கிலோமீட்டர்தானே, அதைப் போல நூறு மடங்கு என்று சொன்னால் பையன் பிடித்துக்கொள்வான்.