ஒரு கூற்று உண்மை எனில் அதன் மறுதலையும் உண்மையாகுமா?

‘ஒரு நாற்கரம் சாய்சதுரம் எனில், அதன் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும்’ என்ற கூற்றைத் திருப்பி, ‘மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டினால் அது சாய்சதுரம்’ என்று அதன் மறுதலையைச் சொன்னாலும் அது உண்மைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையாகாது.

6 செ.மீ. நீளமுள்ள ஒரு கோட்டுத்துண்டு வரைந்து, அதன் நடுப்புள்ளியிலிருந்து செங்குத்தாக மேலே 4 செ.மீ., கீழே 2 செ.மீ. தொலைவில் புள்ளிகள் குறித்து, நான்கு முனைகளையும் இணைத்துப் பாருங்கள். மூலைவிட்டங்கள் செங்குத்தாகவே வெட்டுகின்றன. ஆனால் மேற்பக்கங்கள் 5 செ.மீ., கீழ்ப்பக்கங்கள் √13 செ.மீ. என்பதால் இது பட்ட வடிவமே தவிர, நான்கு பக்கங்களும் சமமான சாய்சதுரம் அன்று. ஒரு பொதுக்கூற்றைத் தகர்க்க இத்தகைய ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். அதை நிறுவ ஆயிரம் படங்களும் போதா.

இரு பகுதிகளையும் மறுத்து, வரிசையையும் மாற்றினால் கிடைக்கும் ‘மூலைவிட்டங்கள் செங்குத்தாக இல்லையெனில் அது சாய்சதுரம் அன்று’ என்பதோ மூலக்கூற்றோடு எப்போதும் சேர்ந்தே உண்மையாகும். மாணவர்கள் பெரும்பாலும் குழம்புவது இதையும் மறுதலையையும் ஒன்றெனக் கருதுவதால்தான்.

மறுதலை உண்மையாக இருக்கும் இடங்களிலும் அதற்குத் தனி நிரூபணம் வேண்டும். பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்ளிட் தமது ‘எலிமெண்ட்ஸ்’ தொகுப்பின் முதல் நூலில் பிதாகரஸ் தேற்றத்தை 47ஆம் கூற்றாகவும், அதன் மறுதலையை 48ஆம் கூற்றாகவும் தனித்தனியே நிறுவியிருக்கிறார்.