வெள்ள நிவாரணம்: மனுவுக்கு முன்னால் அடங்கலைப் பாருங்கள்

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையோரம் எங்கள் நிலம். சொந்தம் மூன்று ஏக்கர், குத்தகை ஒன்றரை ஏக்கர். முழுவதும் சம்பா நெல். வெள்ளம் ஏறி நான்கு நாள் நின்றது. ஆற்றை ஒட்டிய முக்கால் ஏக்கரை மணல் மூடிவிட்டது. கறவை மாடு ஒன்றும் செத்துவிட்டது. பட்டா இன்னும் காலமான அப்பா பெயரில்தான் இருக்கிறது. பயிர்க் காப்பீடு செய்திருக்கிறேன். அரசு நிவாரணத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது? காப்பீட்டுத் தொகை வந்தால் நிவாரணம் கிடைக்காதா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். இரண்டும் கிடைக்கும். நிவாரணம் மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து வருவது, காப்பீடு நீங்கள் கட்டிய பிரீமியத்துக்கு வருவது. ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

பயிர் நிவாரணத்தைப் பொறுத்தவரை, மனு எழுதிக் கொடுப்பதால் மட்டும் பணம் வந்துவிடாது. வெள்ளம் வடிந்ததும் கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து வயல்வாரியாகக் கூட்டுக் கணக்கெடுப்பு நடத்துவார்கள். அந்தப் பட்டியல் தாசில்தார், ஆட்சியர் வழியாகச் சென்னைக்குப் போய், அரசாணை வந்து, வங்கிக் கணக்கில் பணம் ஏறும். பட்டியலில் உங்கள் பெயரும் சர்வே எண்ணும் உட்பிரிவும் பரப்பும் சரியாக இருக்கின்றனவா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பட்டியல் மேலே போன பிறகு திருத்துவது பெரும்பாடு.

ஆகவே நடப்புப் பசலி (ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய்த்துறை ஆண்டு) அடங்கலை, அதாவது எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கை, இன்றே பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அடங்கலில் இந்தப் பருவப் பயிர் பதிவாகாமல் ‘தரிசு’ என்று கிடந்தால், வயலில் நெல் அழுகிக் கிடந்தாலும் காகிதத்தில் இழப்பு இல்லை. விதைத்த பரப்புக்கு மட்டுமே இடுபொருள் நிவாரணம் (விதை, உரம் போன்ற செலவுக்கான உதவி) என்பது விதி. விதை வாங்கிய ரசீது, உர ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன் பதிவு, காப்பீட்டுக்காக வாங்கிய சாகுபடிச் சான்று ஆகியவற்றைக் காட்டி அடங்கலைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

அடுத்த வாசல் 33 சதவீதம். பயிர்ச் சேதம் அதற்குக் குறைந்தால் ஒரு ரூபாயும் இல்லை. நெல்லில் இது சிக்கலான விஷயம். தூர் கட்டும் பருவத்தில் மூழ்கிய பயிர், தண்ணீர் வடிந்து ஒரு வாரத்தில் மேலே பச்சை காட்டும். அடியில் தூர் அழுகியிருக்கும். தாமதமாக வரும் அலுவலர் வரப்பில் நின்று பார்த்து ‘தேறிவிட்டது’ என்று எழுதிவிடலாம். வயலுக்குள் கூட்டிப்போய் நாலைந்து இடத்தில் குத்துகளைப் பிடுங்கிக் காட்டுங்கள். தண்ணீர் நின்றபோதே தேதியும் இருப்பிடமும் பதியும் செல்போன் செயலியில் படம் எடுத்திருந்தால் நல்லது. தினமும் ஒரே வரப்பு மூலையிலிருந்து எடுத்த படங்களுக்கு மதிப்பு அதிகம்.

தொகை எவ்வளவு? 2022–26 காலத்துக்கான மத்திய அரசு விதிப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஒரு விவசாயிக்கு உச்சவரம்பு 2 ஹெக்டேர். 2024 ஃபெஞ்சல் புயலுக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்த பயிர் நிவாரணமும் இதே தொகைதான். மாநில அரசு தன் பங்காகக் கூட்டித் தருவதும் உண்டு; அந்தந்தப் பேரிடருக்கு வரும் அரசாணையில் உள்ள தொகையே இறுதியானது. மேற்சொன்ன விகிதத்தில் ஏக்கருக்குச் சுமார் 6,880 ரூபாய். உங்கள் நாலரை ஏக்கருக்கும் சேர்த்து ஏறக்குறைய 31,000. நடவுக் கூலிக்கும் உரத்துக்கும் ஆன செலவை இது ஈடுகட்டாது. அடுத்த சாகுபடிக்குக் கைகொடுக்கும் தொகை என்ற அளவில்தான் அரசே இதை வைத்திருக்கிறது.

மணல் மூடியதற்குத் தனித் தலைப்பு உண்டு. பலரும் இதைக் கேட்பதே இல்லை. சிறு, குறு விவசாயியின் நிலத்தில் 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருந்தால், அகற்ற அதே 2022–26 விதிப்படி ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். வேறு அரசுத் திட்டத்தில் அதே வேலைக்கு மானியம் பெற்றிருக்கக் கூடாது. படிவின் கனத்தை அதிகாரி சான்றளிக்க வேண்டும் என்பதால், அவர் வந்து பார்ப்பதற்குள் ஜேசிபியை இறக்காதீர்கள். நான்கைந்து இடத்தில் பழைய மண் தெரியும்வரை குழி வெட்டி, அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். முக்கால் ஏக்கருக்குக் கிடைப்பது சுமார் 5,460 ரூபாய்தான். அரை அடி கனம் என்றால்கூட அங்கே கிடப்பது 160 யூனிட் மணல் (ஒரு யூனிட் 100 கன அடி), அதை வாருவதற்கு இந்தப் பணம் எந்த மூலைக்கு? மணலை விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்று தோன்றும். உங்கள் நிலத்திலேயே ஓரமாகக் குவிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் டிராக்டரில் ஏற்றி வெளியே கொண்டுபோனால் மணல் கடத்தல் வழக்கு பாயும், வண்டியும் பறிமுதலாகும்.

பட்டா அப்பா பெயரில் இருப்பது தடையாகிவிடக் கூடாது. வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் சேர்த்துக் கொடுங்கள். பட்டா மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பித்து அந்த ஒப்புகைச் சீட்டையும் இணையுங்கள். குத்தகை நிலம்தான் தகராறுக்கு இடம். பயிரிட்டவரின் செலவுக்குத்தான் இடுபொருள் நிவாரணம். ஆனால் பட்டாவைப் பார்த்து நில உரிமையாளர் பெயரை எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. கணக்கெடுப்பு நடக்கும்போதே குத்தகைச் சீட்டைக் காட்டி, சாகுபடி செய்பவர் என்று உங்கள் பெயரைப் பதியச் சொல்லுங்கள். வாய்மொழிக் குத்தகை என்றால் உரிமையாளரிடம் எழுதி வாங்குவது நல்லது. பணம் வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

கறவை மாட்டுக்கு அதே விதிப்படி 37,500 ரூபாய். அரசு கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும். காதில் போட்ட அடையாள வில்லையின் எண் தெரியும்படி படம் எடுங்கள். புதைத்துவிட்டீர்கள் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமும் மருத்துவரிடமும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். நாளாக ஆக நிரூபிப்பது கடினம்.

காப்பீட்டில் ஒரு நுணுக்கம். தனி வயலில் நீர் தேங்கிய பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் இழப்பீடு என்ற பிரிவு உண்டு. உதவி எண் 14447. ஆனால் தண்ணீரில் வளரும் பயிர் என்று சொல்லி 2018-இல் நெல்லை இந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2026 காரிஃப் (ஜூனில் தொடங்கும் மழைக்காலப் பருவம்) முதல் மறுபடி சேர்ப்பதாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. உங்கள் பருவம் அதற்கு முந்தையது என்றால், அறிவிக்கை செய்யப்பட்ட கிராமம் அல்லது பிர்கா (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) முழுவதன் பயிர் அறுவடைப் பரிசோதனையை, அதாவது சில வயல்களில் மாதிரியாக அறுத்துக் கணக்கிடும் சராசரி விளைச்சலை, பொறுத்தே தொகை வரும். ஆற்றோரத்தில் உங்களுக்கு எல்லாம் போய், மேட்டுப் பக்கம் நன்றாக விளைந்திருந்தால் சராசரி உயர்ந்து, கைக்கு ஒன்றும் வராமலும் போகலாம்.

நிவாரணத்துக்குக் கொடுக்கும் வங்கிக் கணக்கு உங்கள் தனிப் பெயரில், ஆதார் இணைந்த சேமிப்புக் கணக்காக இருக்கட்டும். கடன் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வங்கி வேறு வங்கியோடு இணைக்கப்பட்டு ஐஎஃப்எஸ்சி எண் மாறியிருந்தால் பணம் திரும்பிப் போய்விடும்.

பட்டியலில் பெயர் விடுபட்டது தெரிந்தால், சர்வே எண்வாரியாக எழுதிய மனுவைத் தாசில்தாரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதன் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-இலும் பதிவு செய்யலாம். அரசாணை வருவதற்குள் இதைச் செய்துவிட்டால், விடுபட்டோர் பட்டியலில் ஏற வழி இருக்கிறது.