மணி தெரிந்தது – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரபஞ்சம் ஒன்றுமில்லாததிலிருந்து தோன்றியது என்கிறார்கள் இயற்பியலாளர்கள். எல்லாம் சூனியம் என்கிறது பௌத்தம். இரண்டும் ஒன்றுதானே? நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? இன்னொன்று: செத்தபின் நானும் ஒன்றுமில்லாமல் போவேன் என்று நினைத்தால் இரவில் தூக்கம் வருவதில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒன்றல்ல. முதலில் இந்த ‘அன்றே சொன்னார்கள்’ பேச்சை விடுங்கள். அப்படிச் சொல்கிறவர்கள் முன்னோரையும் படிப்பதில்லை, இயற்பியலையும் படிப்பதில்லை. சூனியத்தை விரித்துச் சொன்ன பௌத்த தத்துவவாதி நாகார்ஜுனரின் சூன்யதை எதுவுமே இல்லை என்று சொல்லவில்லை. எதுவும் பிறவற்றைச் சாராமல் தன் சொந்த இயல்பால் நிற்பதில்லை என்கிறது. அவரை இதில் இழுக்க வேண்டாம்.

ஆனால் ‘ஒன்றுமில்லாதது’ என்று அவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்களே, அதைத்தான் தாண்ட முடியவில்லை. சில நாட்களாக நானும் அந்தச் சொல்லையே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனை. கண்ணாடி ஜாடிக்குள் மின்சார மணி. பம்பு காற்றை உறிஞ்ச உறிஞ்ச, சத்தம் தேய்ந்து கொசுவின் ரீங்காரம் அளவுக்கு வந்துவிட்டது. சுத்தி மட்டும் கிண்ணத்தை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. “உள்ளே இப்ப ஒண்ணுமில்ல” என்றார் ஆசிரியர். “அப்ப மணி எப்படி சார் தெரியுது?” என்றேன். எழுந்து நிற்கச் சொல்லிவிட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டையே படுத்திய கேள்வி அது என்று பிற்பாடு தெரிந்தபோது கொஞ்சம் கர்வம்தான். ஒலிக்குக் காற்று மாதிரி ஒளிக்கும் ஏதாவது வேண்டுமே என்று ஈதரைக் கற்பித்தார்கள். 1887இல் மைக்கல்சனும் மார்லியும் அதைத் தேடினார்கள், அகப்படவில்லை. ஈதர் போனது, ஒளி அலையாக ஓடுகிற மின்காந்தப் புலம் போகவில்லை. ஜாடியிலிருந்து காற்றை எடுக்கலாம், புலத்தை எடுக்க எந்தப் பம்பும் கிடையாது. விண்மீன் திரள்களுக்கு நடுவேயுள்ள வெட்டவெளியிலும், ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் பெருவெடிப்பின் மிச்சமாகச் சுமார் 400 ஒளித்துகள்கள் இருக்கின்றன. அதையும் துடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் புலம் மிச்சமிருக்கும். மின்னூட்டமே இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் மிக நெருக்கமாக நிறுத்தினால் ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948இல் இயற்பியலாளர் காசிமிர் கணக்குப் போட்டார். 1997இல் துல்லியமாக அளந்தும் பார்த்துவிட்டார்கள்.

வெற்றிடம் வேறு, இன்மை வேறு. எத்தனை தடவை சொல்வது! வெற்றிடத்துக்கு நீள அகலம் உண்டு, விதி உண்டு. 1982இல் இயற்பியலாளர் விலென்கின், பிரபஞ்சம் ‘ஒன்றுமில்லாததிலிருந்து’ தோன்றுவதைப் பற்றி எழுதினார். அவருடைய ஒன்றுமில்லாததில் இடமில்லை, காலமில்லை, சரி. குவாண்டம் விதி இருந்ததே? அது எங்கே உட்கார்ந்திருந்தது? நல்ல கணக்குதான், பெயர்தான் தப்பு.

நம்மவர்களைப் பிடித்தே ஆகவேண்டுமென்றால் பழைய தர்க்க மரபுக்காரர்களான நியாய வைசேடிகர்களைப் பிடியுங்கள். ‘இல்லை’ என்றால் எது இல்லை, எங்கே இல்லை என்று மடக்குவார்கள். பானை வனைவதற்கு முன்பிருந்த இல்லாமைக்குத் தொடக்கமில்லை, முடிவு உண்டு. உடைந்தபின் வரும் இல்லாமைக்குத் தொடக்கம் உண்டு, முடிவில்லை. ஆகவே, ‘பிறப்பதற்கு முன் இல்லாமல்தானே இருந்தோம், அதே மாதிரிதான்’ என்று யாராவது உங்களைத் தேற்ற வந்தால் நம்பாதீர்கள். அதே மாதிரி இல்லை. உங்கள் பயம் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறது. தூக்கம் வராவிட்டால் எழுந்து விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்நேரம் நானும் பெரும்பாலும் விழித்துத்தான் இருப்பேன்.

அன்று கடைசியில் ஆசிரியர் வால்வைத் திறந்தார். காற்று உஸ்ஸென்று உள்ளே போனது, மணிச்சத்தம் வகுப்பை நிறைத்தது. என்னை உட்காரச் சொல்ல மறந்துவிட்டார்.