மாமனார் கேஸை ஃபெடரல் கோர்ட்டுக்கு தூக்கிட்டு போயிட்டாங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் வீட்டுக்காரர் அமெரிக்கர். மாமனார் 1960கள்ல நேவி கப்பல்ல பாய்லர் ரூம்ல வேலை பாத்தவர். இப்போ மீசோதீலியோமா, அதாவது ஆஸ்பெஸ்டாஸால வர்ற புற்றுநோய்னு சொல்லிட்டாங்க. பம்ப், வால்வ், டர்பைன் பண்ண கம்பெனிங்க மேல ஸ்டேட் கோர்ட்ல கேஸ் போட்டோம். ரெண்டு மாசம் கழிச்சு வக்கீல் போன் பண்ணி கேஸ் ஃபெடரல் கோர்ட்டுக்கு போயிடுச்சுங்கறார். எந்த ஜட்ஜும் எங்களை ஒரு வார்த்தை கேக்கல. நாங்க தோத்துட்டோமா?
- வாசகி, பென்சில்வேனியா

பதில்: இல்லம்மா, தோக்கல. கேஸோட உள்விஷயத்தை இன்னும் யாரும் தொடவே இல்ல. உங்களுக்கு அதிர்ச்சியா இருக்கறதுக்கு காரணம், ஸ்டேட் (மாநில) கோர்ட்ல இருந்து ஃபெடரல் (மத்திய) கோர்ட்டுக்கு கேஸை மாத்தற இந்த ரிமூவல்ங்கறதுக்கு யார் பர்மிஷனும் தேவையில்ல. எதிர்தரப்பு கம்பெனி ஃபெடரல் கோர்ட்ல ஒரு நோட்டீஸ் ஃபைல் பண்ணும், அதோட காப்பிய ஸ்டேட் கோர்ட்ல குடுக்கும், அந்த நிமிஷத்துல இருந்து ஸ்டேட் ஜட்ஜ் கேஸை ஒரு அடி கூட நகர்த்தக்கூடாது. சரியா தப்பாங்கறதை ஃபெடரல் ஜட்ஜ் அதுக்கு அப்புறம்தான் பாப்பார். தப்புன்னா திருப்பி அனுப்புவார், அதுக்கு பேர் ரிமாண்ட்.

உங்க கேஸ்ல அவங்க பிடிச்சிருக்கற கயிறு நேவிதான், ஃபெடரல் சட்டத்துல 1442ஆம் செக்ஷன். இதோட வேர் 1815ல இருக்கு, இங்கிலாந்தோட சண்டை நடந்த சமயம் நியூ இங்கிலாந்து பக்கம் கஸ்டம்ஸ் அதிகாரிங்க மேல உள்ளூர் ஆளுங்க கோவத்துல கேஸ் போட்டுட்டே இருந்தாங்க, உள்ளூர் கோர்ட்ல அவங்களுக்கு நியாயம் கிடைக்காதுன்னு காங்கிரஸ் (அமெரிக்க பார்லிமென்ட்) அந்த கேஸ்களை ஃபெடரல் கோர்ட்டுக்கு மாத்திக்க வழி குடுத்துச்சு. அதிகாரிக்காக வந்த அந்த பாதுகாப்பு இன்னைக்கு "நான் அரசாங்க அதிகாரி சொன்னபடி செஞ்சவன்"னு சொல்ற தனியார் கம்பெனிக்கும் கிடைக்குது. நேவி குடுத்த ஸ்பெசிஃபிகேஷன் படி டர்பைன் பண்ணேன், எச்சரிக்கை லேபிள்ல என்ன எழுதணும்னு கூட நேவிதான் முடிவு பண்ணுச்சு, இதான் அவங்க வாதம். 1988ல சுப்ரீம் கோர்ட் ஒரு மரைன் ஹெலிகாப்டர் விபத்து கேஸ்ல இந்த மாதிரி கான்ட்ராக்டர் டிஃபென்ஸை ஒத்துக்கிச்சு, ஆனா மூணு நிபந்தனையோட: அரசாங்கம் ஓரளவு துல்லியமான ஸ்பெசிஃபிகேஷனை அப்ரூவ் பண்ணியிருக்கணும், பொருள் அதுபடி இருக்கணும், அரசாங்கத்துக்கு தெரியாம கம்பெனிக்கு மட்டும் தெரிஞ்ச ஆபத்து இருந்தா அதை சொல்லியிருக்கணும். கோர்ட் மாறறதுக்கு இதையெல்லாம் நிரூபிக்க வேண்டாம், நம்பும்படியா ஒரு டிஃபென்ஸ் இருக்குன்னு காட்டினாலே போதும். இன்னொண்ணு, சாதாரண ரிமூவல்னா சர்வ் ஆன, அதாவது சம்மன் கைக்கு வந்த எல்லா கம்பெனியும் சம்மதிக்கணும், இதுல அது தேவையில்ல. இருபது கம்பெனில ஒண்ணு கேட்டாலே மொத்த கேஸும் கூடவே போயிடும்.

இப்போ நான் ரொம்ப அழுத்தி சொல்ல வர்றது இதுதான். ஆஸ்பெஸ்டாஸ் உள்ள போய் 20, 30, சில சமயம் 50 வருஷம் கழிச்சுதான் இந்த நோய் தெரியும், ஆனா தெரிஞ்சதுக்கு அப்புறம் நிறைய பேருக்கு ஒரு வருஷம் ஒன்றரை வருஷம்தான் கிடைக்குது. கோர்ட் சண்டைல ஆறு மாசம் போறது மத்த கேஸ்ல தாமதம், இந்த கேஸ்ல மனுஷனோட மிச்ச நாள். அதனால ரிமாண்ட் முடியட்டும்னு காத்திருக்காதீங்க. மாமனாரோட டெபாசிஷனை, அதாவது ட்ரயலுக்கு முன்னாடியே சத்தியம் பண்ணி குடுக்கற வாக்குமூலத்தை வீடியோல உடனே எடுக்கணும்னு வக்கீலை விடாம கேளுங்க, எந்த கப்பல், எந்த வருஷம், எந்த மெஷின், யார் ஆஸ்பெஸ்டாஸ் கேஸ்கெட்டை சுரண்டினாங்க எல்லாம் அவர் வாயாலயே வரட்டும். எதிர்தரப்பு வக்கீல்களுக்கு முறையா நோட்டீஸ் குடுத்து, அவங்க குறுக்கு விசாரணையும் நடந்திருந்தா கேஸ் எந்த கோர்ட்டுக்கு போனாலும் அந்த வாக்குமூலம் கூடவே வரும். அதே மாதிரி ஸ்டேட் ஜட்ஜ் ஏற்கனவே போட்ட ஆர்டரும் ஃபெடரல் ஜட்ஜ் மாத்தற வரைக்கும் செல்லும், அதையும் சிலர் தெரியாம விட்டுடறாங்க. ரிமூவல் பண்ண முறையில குறை இருந்தா, உதாரணமா லேட்டா பண்ணியிருந்தா, அதை 30 நாளுக்குள்ள சொல்லியே ஆகணும். அதிகார வரம்பே இல்லங்கற வாதத்துக்கு மட்டும் அந்த கெடு கிடையாது.

கேள்வி: சட்டம் படிக்கறேன். எங்க நடந்தாலும் ஜூரிதானே, கம்பெனிங்க ஏன் ஃபெடரல் கோர்ட்டுக்கு இவ்ளோ அடிச்சுக்கறாங்க?
- மாணவர், டெக்சாஸ்

பதில்: தம்பி, ஜூரியே ஒரே மாதிரி இல்ல. ஃபெடரல் கோர்ட்ல ரெண்டு தரப்பும் வேற மாதிரி ஒத்துக்கலைன்னா தீர்ப்பு ஏகமனதா இருக்கணும், கலிஃபோர்னியா ஸ்டேட் கோர்ட்ல சிவில் கேஸ்னா 12ல 9 பேர் போதும். சாகக் கிடக்கறவங்களுக்கு ட்ரயல்ல முன்னுரிமை குடுக்கற சட்டமும் கலிஃபோர்னியால இருக்கு, அதுல இருந்து கேஸை வெளிய எடுத்தாலே எதிர்தரப்புக்கு பாதி நிம்மதி.

பழைய கதையும் ஒண்ணு இருக்கு. 1991ல நாடு முழுக்க ஃபெடரல் கோர்ட்கள்ல கிடந்த 26,000க்கு மேல ஆஸ்பெஸ்டாஸ் கேஸ்களை ஒண்ணா சேர்த்து ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பினாங்க, இப்படி பல ஊர் கேஸ்களை ஒரே ஜட்ஜ்கிட்ட சேர்க்கறதுக்கு எம்டிஎல்னு பேர், இது எம்டிஎல் 875. நீதிபதி சார்லஸ் வைனர் அதை பாத்தார். தண்டனை நஷ்டஈடு, அதாவது கம்பெனிய தண்டிக்கறதுக்காகவே கூடுதலா கேக்கற தொகை, அந்த பகுதிய தனியா பிரிச்சு நிறுத்தி வெச்சாங்க, கேஸ்கள் வருஷக்கணக்கா அசையாம கிடந்துச்சு, பாதிக்கப்பட்டவங்களோட வக்கீல்கள் அதை கருந்துளைன்னே சொன்னாங்க. நேவி பேரை சொல்லி ரிமூவ் பண்ணா கேஸ் நேரா அங்க போய் விழும், அதுதான் அப்போ ரிமூவலோட பலமே. 2008ல நீதிபதி எடுவார்டோ ராப்ரெனோ பொறுப்பெடுத்து ஒவ்வொரு கேஸா எடுத்து முடிச்சார், 2012 தொடக்கத்துல இருந்து புது கேஸ்கள் அங்க போறது பொதுவா நின்னுடுச்சு. அதனால இன்னைக்கு ஃபெடரல் கோர்ட்னாலே கேஸ் புதைஞ்சுடும்னு பயப்பட வேண்டியதில்ல, ஆனா அந்த பயம் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க.

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்கக்கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் வேணும்னு நேவியே கேட்டது நிஜம். ஆனா ஆபத்து தெரிஞ்சும் சொல்லாம இருந்தவங்களும் அதே கதவு வழியாதான் உள்ள வர்றாங்க, எனக்கு அதுதான் வலிக்குது.

கேள்வி: பாதிக்கப்பட்டவங்களோட வக்கீலும் சும்மா ஒரு உள்ளூர் கடைய கேஸ்ல இழுத்து விடறாங்களாமே, அது ஏமாத்து வேலை இல்லையா?
- வாசகர், இல்லினாய்

பதில்: சில கேஸ்ல நடக்குது, இல்லன்னு சொல்ல மாட்டேன். நேவி இல்லாம ரிமூவலுக்கு இன்னொரு வழியும் இருக்கு: ரெண்டு தரப்பும் வேற வேற ஸ்டேட், தொகை 75,000 டாலருக்கு மேலன்னா ஃபெடரல் கோர்ட்டுக்கு மாத்தலாம், ஆனா பிரதிவாதில ஒருத்தர் உங்க ஸ்டேட்டா இருந்தாலே அந்த வழி அடைபடும். அதனால இன்சுலேஷன் வித்த உள்ளூர் சப்ளையரையும் சேர்ப்பாங்க. அவர் நிஜமாவே அந்த பொருளை வித்திருந்தா அதுல தப்பே இல்ல. ஜெயிக்க வழியே இல்லாத ஆளை பேருக்கு சேர்த்திருந்தா ஜட்ஜ் அவரை கணக்குல எடுக்காம தள்ளிடலாம். அப்புறம் ட்ரயல் நெருங்கறப்ப சப்ளையரை விட்டுடுவாங்க, அப்போ பாத்தா கேஸ் போட்டு ஒரு வருஷம் தாண்டியிருக்கும், இந்த வகை ரிமூவலுக்கு ஒரு வருஷம்தான் கெடு. கெட்ட எண்ணத்தோட அப்படி பண்ணா கெடு பொருந்தாதுன்னு 2011ல சட்டத்தை திருத்தினாங்க.

கம்பெனி பக்கமும் சும்மா இல்ல. வேற ஸ்டேட் ஆள் வந்து கேஸ் போட்டாலும் உள்ளூர் பிரதிவாதி ஒருத்தர் இருந்தா மாத்தக்கூடாதுன்னு ஒரு விதி இருக்கு, ஆனா அவருக்கு சம்மன் முறையா சர்வ் ஆகியிருந்தாதான் அது பொருந்தும். அதனால கேஸ் ஃபைல் ஆன உடனே, சர்வ் ஆகறதுக்கு முன்னாடியே ஓடிப்போய் ரிமூவ் பண்றாங்க, ஸ்னாப் ரிமூவல்னு பேர். சர்க்யூட்னா ஃபெடரல் அப்பீல் கோர்ட், மூணாவது சர்க்யூட் 2018லயும் ரெண்டாவது சர்க்யூட் 2019லயும் சட்டத்தோட வார்த்தைப்படி இது செல்லும்னு சொல்லிடுச்சு.

கேள்வி: "நேவி வேலை சம்பந்தமா எதுவும் கேக்கல"ன்னு மனுவிலயே எழுதிட்டா ஃபெடரல் கோர்ட்டுக்கு போகாதுன்னு நண்பர் சொல்றார். நிஜமா?
- வாசகர், லூசியானா

பதில்: எழுதற விதத்தை பொறுத்தது சார். "இந்த கப்பல்ல, இந்த வருஷம் நடந்ததுக்கு கேக்கல"ன்னு தெளிவா விட்டுக்குடுத்து, வெளிய ஃபேக்டரில பட்டதுக்கு மட்டும் கேட்டா நிறைய ஜட்ஜுங்க ஏத்துக்கறாங்க. "ஃபெடரல் விவகாரம் எதுவும் இதுல இல்ல"ன்னு பொத்தாம் பொதுவா எழுதினா பெரும்பாலும் நிக்காது. விட்டுக்குடுத்தது நிஜமாவே போயிடும்ங்கறதையும் யோசிங்க, வாழ்க்கைல ஆஸ்பெஸ்டாஸ் பட்டதே கப்பல்லதான்னா எதை வெச்சு கேஸ் நடத்துவீங்க?

உங்க ஊர்ல இன்னும் கவனம் வேணும். 2011ல 1442ஆம் செக்ஷன்ல சில வார்த்தைகளை சேர்த்தாங்க, அதை வெச்சு 2020ல நியூ ஆர்லியன்ஸ்ல இருக்கற அஞ்சாவது சர்க்யூட்டோட முழு பெஞ்ச் ஒரு கப்பல் பட்டறை கேஸ்ல பழைய கடுமையான நிபந்தனைய எடுத்துடுச்சு. கேஸ் விஷயம் அரசாங்க உத்தரவோட தொடர்புடையதா இருந்தா போதும், அந்த உத்தரவாலதான் பாதிப்பு வந்துச்சுன்னு காட்ட வேண்டாம். இன்னொண்ணு, சாதாரணமா ரிமாண்ட் ஆர்டருக்கு அப்பீல் கிடையாது, ஆனா 1442ல 2011ல இருந்து உண்டு. அதனால ரிமாண்ட் கிடைச்சாலும் அடுத்த சில மாசம் அப்பீல்ல போகலாம்.

கேள்வி: அப்பாவோட நண்பர் ரயில்வே பட்டறைல இன்ஜின் ரிப்பேர் பண்ணவர், அவருக்கும் இதே நோய். அவர் கேஸையும் மாத்திடுவாங்களா?
- வாசகி, ஓஹையோ

பதில்: வேலை குடுத்த ரயில் கம்பெனி மேல, ரயில் தொழிலாளிங்க நஷ்டஈடு கேக்கறதுக்கான ஃபீலாங்கற ஃபெடரல் சட்டத்துல ஸ்டேட் கோர்ட்ல போட்டா மாத்த முடியாது. 1908ல வந்த சட்டம் அது, அந்த கேஸ்களை ரிமூவ் பண்ணக்கூடாதுன்னு 1445ஆம் செக்ஷன் நேரடியாவே சொல்லுது. ஆனா இன்ஜின் பார்ட்ஸ் பண்ண கம்பெனிய ஸ்டேட் சட்டத்துல பிடிக்கறது கஷ்டம், ரயில் இன்ஜின் விஷயம் ஃபெடரல் சட்டத்துக்குள்ள அடங்கிடும்னு 2012ல சுப்ரீம் கோர்ட் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கேஸ்லயே சொல்லியிருக்கு. ஃபீலா கேஸுக்கு மூணு வருஷம்தான் கெடு, நோயும் அதோட காரணமும் தெரிஞ்ச, இல்ல தெரிஞ்சிருக்க வேண்டிய நாள்ல இருந்து. டாக்டர் ரிப்போர்ட்ல இருக்கற தேதிய இன்னைக்கே எடுத்து பாக்க சொல்லுங்க.