மாடித் தொட்டியில் அம்ப்ரெல்லா பாம் நுனி கருகுவது பற்றி

வணக்கம். சென்னை மொட்டை மாடியில் வைத்த அம்ப்ரெல்லா பாம் நுனி கருகுகிறது, வேர் அழுகுமோ என்று பயந்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. நர்சரிக்காரர்கள் பாம் என்று விற்றாலும் அது பனை வகையே இல்லை, கோரை இனம். ஈரக்கரையில் வளர்வது, வேர் நீரில் நின்றாலும் அழுகாது.

தொட்டியை அப்படியே ஓர் அகலமான டப்பில் இறக்கி, மூன்று நான்கு விரல்கடை தண்ணீர் எப்போதும் நிற்கும்படி விடுங்கள். கொசுவுக்கு இரண்டு கப்பி மீன் போதும். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவை வேண்டாம், மிதந்து வந்துவிடும். தோட்ட மண்ணோடு கொஞ்சம் மக்கிய உரம், மேலே ஒரு அடுக்கு கூழாங்கல், அவ்வளவுதான்.

தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? அப்படியானால் போர் தண்ணீரின் உப்பும் ஒரு காரணம். டப் நீரை அவ்வப்போது கொட்டி மாற்றுங்கள், மழைநீர் கிடைத்தால் இன்னும் நல்லது. கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. அந்தத் தண்டை அடியோடு வெட்டினால் புதுத் தளிர் வரும்.

வெட்டிய தண்டுகளில் நல்லதாக ஒன்றிரண்டை எடுத்து, குடைபோல் விரிந்த இலைக்கொத்துக்குக் கீழே இரண்டு அங்குலம் காம்பு விட்டு, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, தலைகீழாகத் தண்ணீரில் போட்டு வையுங்கள். குடையின் நடுவிலிருந்தே வேர் விடும்.

அப்புறம், நீங்கள் ஆன்லைனில் பார்த்ததாகச் சொன்ன வரிபோட்ட கேரெக்ஸ், அதுவும் கோரை இனம்தான், ஆனால் குளிர்நாட்டுச் செடி. சென்னை வெயிலுக்கு நான் வாங்க மாட்டேன்.